சீர்த் தட்டில் வைத்த இன்சுலின்

மலரு,

நேற்று சாயங்காலத்திலிருந்து நீ என்னோடு பேசவில்லை. காலையில் டீ கொண்டுவந்து வைத்தாய். டம்ளரை வைத்த சத்தத்திலேயே உன் கோபம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தால், அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஒரு பக்கம், உன் அம்மாவின் மிக்சி ஒரு பக்கம். கத்தித்தான் பேச வேண்டும். நான் கத்திப் பேசினால் திட்டுவதாக நீ நினைப்பாய். பாதி நேரம் அது உண்மையும்கூட. அதனால் கடைக்கு வந்து பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து மணிக்கூண்டு வரை நடந்துவிட்டு வருகிறேன், மறுபடி உட்காருகிறேன். எதிரில் ஒரு ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கழற்றிய நிலையில் கிடக்கிறது. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டு ஃபிரிட்ஜ். அந்த அம்மா விடாமல் போன் அடிக்கிறார். அடிக்கட்டும்.

நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. நீ அங்கே சொல்லாதே என்றாய், நான் சொன்னேன். நேற்று மதியம் முதலியார்பேட்டையில் உன் மாமியார் வீட்டுக்குப் போய், நீ கல்யாணம் ஆன அடுத்த மாதத்திலிருந்து இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தாய் என்பதைச் சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை, ‘சரி’ என்று மட்டும்தான் சொன்னேன். இது வக்கீல் பேச்சு என்று உன் அம்மா நேற்றே சொல்லிவிட்டாள், நீ வேறு சொல்ல வேண்டாம். மாப்பிள்ளை உனக்குப் போன் செய்து ‘ஏன் எங்கிட்ட சொல்லல’ என்று கேட்டதும், நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நடந்தது முழுவதும் மாப்பிள்ளைக்கே தெரியாது. அவர் வேலையில் இருந்தார். அதை நீ தெரிந்துகொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை அவரோடு கிளம்ப வேண்டும். இல்லையென்றால் அந்த வீட்டில் நீ மறுபடி பழையபடி ஆரம்பித்துவிடுவாய் என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்தில்தான் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

உனக்குச் சர்க்கரை வந்தபோது நீ நாலாம் வகுப்பு. தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாய், படுக்கையை நனைத்தாய், நாங்கள் அதட்டினோம். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, “இந்தப் புள்ளைக்கு ஆயுசுக்கும் ஊசி” என்று சொன்னபோது உன் அம்மா அழுதாள், நான் அழவில்லை. நான் கேட்ட முதல் கேள்வி, “மருந்த எங்க வைக்கணும்?” என்பதுதான். ஃபிரிட்ஜில் என்றார். அப்பாடா, இது நமக்குத் தெரிந்த சமாசாரம் என்று ஒரு தைரியம் வந்தது. ஃபிரிட்ஜ் மெக்கானிக் வீட்டில் அதுவரை ஃபிரிட்ஜ் இல்லை. பழைய இரும்புக்குப் போட இருந்த ஒன்றை எடுத்து, கேஸ் ஏற்றி, கதவு ரப்பர் மாற்றி, இரண்டே நாளில் ஓட வைத்தேன். அதில் முதலில் உள்ளே போனது உன் மருந்துதான். உன் அம்மா தயிரைக்கூட மறுநாள்தான் வைக்க விட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். காலி பாட்டிலைக் காட்டினால்தான் புது பாட்டில் கொடுப்பார்கள். அதனால் நம் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா. ஒவ்வொரு பாட்டிலும் தீர்ந்ததும் நீ கழுவித் துடைத்து அதில் போடுவாய். ஒருமுறை நீ அவற்றை வரிசையாக அடுக்கி மருந்துக் கடை விளையாடப் போய், ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. கவுன்டரில் ஒரு காலி குறைய, ஒரு மருந்து குறைத்துக் கொடுத்தார்கள். வெளியே வந்து, அத்தனை பேர் நடுவில் உன்னைத் திட்டினேன். வாங்கியதை வீணாக்காமல் கணக்குக் காட்டத் தெரியவில்லையா என்று ஏதோ சொன்னேன். கவுன் போட்ட குழந்தை நீ, பஸ்ஸில் வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசாமல் இருக்கிறாயே, அதே முகம்தான்.

சிக்கனம் என்று நான் உனக்குக் கற்றுக்கொடுத்ததில் பாதி நல்லது, பாதி விஷம். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கும்போது தேதியைப் பார், சலுகை விலையில் தள்ளிவிடுவது பெரும்பாலும் காலாவதி ஆகப் போகிற டப்பாதான் என்று சொன்னேன், அது நல்லது. கரன்ட் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காதே, இரண்டு நாள் கரன்ட் வராது என்றால் மண் பானைக்குள் வைத்து ஈரத்துணி சுற்று என்றேன். புயலில் அதுதான் நம்மைக் காப்பாற்றியது. ஆனால் நீ காலேஜ் படிக்கும்போது, பரீட்சைக்கு முன்னால் ஒருநாள், விரலைக் குத்திக் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தாய். மெஷின் ஒவ்வொரு தடவை ‘பீப்’ என்றபோதும் எனக்கு ஒரு ஸ்ட்ரிப் போகிறது என்றுதான் காதில் விழுந்தது. “காலையில பாத்தது போதாதா? அதுக்குள்ள என்ன மாறிடப் போவுது?” என்று கேட்டுவிட்டேன். நீ மெஷினை உறையில் போட்டு மூடினாய். அதற்குப் பிறகு நீ என் எதிரில் பார்ப்பதே இல்லை. நானும், பெண் பெரியவளாகிவிட்டாள், எல்லாம் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாள் என்று இருந்துவிட்டேன். அதைவிட வசதியான நினைப்பு எனக்கு வேறு ஏது?

இனி கல்யாணப் பேச்சு. சர்க்கரையை மறைத்துச் சம்பந்தம் பேசினால் மணவறையில் உட்கார மாட்டேன் என்று நீ சொன்னாய். சொன்னபடியே எல்லாரிடமும் முதலிலேயே சொன்னோம். காபி குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது எனக்கு மனசு அலுத்துப்போயிருந்தது. மாவு அரைத்து விற்கும் அம்மா, கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளை, அப்பா இல்லாத குடும்பம். பையனுக்கு உன்னைப் பிடித்துவிட்டது, அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து உன் மாமியார், “மருந்துக்கு மாசம் இன்னா செலவு ஆவும்?” என்று கேட்டார். எனக்கு ‘சுரீர்’ என்றது. இதுவும் கைநழுவப் போகிறது என்று நினைத்தேன். யாரும் கேட்காமலே வாயை விட்டேன். “மொத வருஷம் மருந்து எங்க சீரு. நீங்க ஒரு ஊசிகூட வாங்கக் கூடாது. வாங்குனா எங்கள அவமானப்படுத்துன மாதிரி” என்றேன். நிச்சயதார்த்தத்தில் ஊரார் எதிரிலும் அதையே சொன்னேன். நாலு பேர் தலையாட்டியதும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது.

கல்யாணத்தன்று சீர்த் தட்டுகள் போன வரிசை உனக்கு நினைவிருக்கும். பழம், தேங்காய், மஞ்சள், புடவை. கடைசித் தட்டில் தெர்மோகோல் பெட்டி. அதற்கு ரிப்பன் கட்டச் சொன்னது நான்தான். பின்னாலேயே ஃபிரிட்ஜ், கம்ப்ரஸர் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டு நானே பொறுக்கியது. ‘பொண்ணோட மருந்தையும் சீரா வச்சாரு பாரு மனுஷன்’ என்று மண்டபத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிஞ்சும் பாட்டிலும் புது வீட்டில் பார்க்க நன்றாக இருக்காது என்று பேனா ஊசிக்கு மாற்றியதும் அந்தப் பெருமையில்தான். ஆஸ்பத்திரியில் சும்மா கிடைத்ததை விட்டுவிட்டு, மெடிக்கலில் காசு கொடுத்து, பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜ் வாங்க ஆரம்பித்தேன். கையைக் கடிக்கும் என்று தெரியும். தெரிந்தே செய்தேன். மாதம் பிறந்ததும் நீ போன் செய்து எவ்வளவு வேண்டும் என்று சொல்வது, நான் வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பது என்று ஏற்பாடு.

முதல் மாதம் சரியாகக் கேட்டாய். அடுத்த மாதம், “இருக்குப்பா, கொஞ்சம் கொண்டா போதும்” என்றாய். அதற்கடுத்த மாதம், “இப்ப வேணாம்ப்பா, நெறைய இருக்கு” என்றாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? உடம்பு கேட்கிற மருந்து எப்படித் தீராமல் இருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் கேஸ் குறைந்தால் எங்கே ஒழுகுகிறது என்று சோப்புத் தண்ணீர் விட்டுத் தேடுகிறவன் நான். மருந்து குறையவில்லை என்றதும் தேடவில்லை. நிம்மதியாக இருந்தது, மலரு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப நிம்மதியாக இருந்தது. ‘பொண்ணு சிக்கனம் கத்துக்கிட்டா’ என்று உன் அம்மாவிடம் பெருமை வேறு அடித்தேன். உன் அம்மா மட்டும், “அது சிக்கனம் பண்ற சாமானாய்யா?” என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

ஆடி அழைத்து உங்கள் இரண்டு பேரையும் கூட்டிவந்து, விருந்து போட்டு, மாப்பிள்ளையை அனுப்பி வைத்தோம். நீ இளைத்திருந்தாய். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா உன் சோர்ந்த முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, விசேஷமா?” என்று சிரித்தார்கள். உன் அம்மாவும் கொஞ்சம் ஆசைப்பட்டாள். நான் பழக்க தோஷத்தில் பிஸ்கட் டப்பாவை நீட்டி, “காலி எங்க?” என்றேன். நீ பையிலிருந்து எடுத்துப் போட்டாய். ‘டக் டக்’ என்று கொஞ்சம் விழுந்தது, அவ்வளவுதான். டப்பாவின் அடிகூட மறையவில்லை. அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை. அன்று நீ சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோதுதான் நாலாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. உன் பையில் இருந்த தெர்மோகோல் பெட்டியைத் திறந்து பார்த்தேன், அது தப்புதான். நான் வாங்கிக் கொடுத்த பெட்டிகள் சீல் உடைக்காமல் அப்படியே இருந்தன.

“ஏன் போடல?”

“போட்டுக்கினுதாம்ப்பா இருக்கேன். கொஞ்சம் கொறச்சி.”

“யார் கொறைக்கச் சொன்னது?”

நீ என்னைப் பார்க்காமல் பேசினாய். “என் மருந்துக்குன்னு வண்டிய வித்துட்ட இல்ல? உடம்புக்கு நல்லதுன்னு சைக்கிள் ஓட்றேன்னு சொன்ன. ரயில்வே கேட்டாண்ட பாத்தேன் நான். டூல்ஸ் பைய மாட்டிக்கினு, வேர்த்து ஊத்திக்கினு நிக்கிற. அதுக்கப்புறம் எப்படிப்பா முழுசா ஏத்துவேன்?”

எனக்கு வந்த ஆத்திரம் உன் மேலா, என் மேலா, அந்த சைக்கிள் மேலா என்று தெரியவில்லை. டாக்டர் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு ஓடினோம். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைப் பார்த்துவிட்டு அவர் உன்னைத் திட்டவில்லை, என்னைத்தான் பார்த்தார். “இப்படியே விட்டிருந்தா ஐசியூலதான் பாத்திருப்போம்” என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்றபோது நீ கேட்டது ஒன்றே ஒன்று. “அங்க சொல்லாதப்பா. எல்லார் எதிர்லயும் சொன்ன வார்த்த. உன் மரியாத போயிடும்.” உன் கண் குழி விழுந்திருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது, நீ என் மரியாதையைப் பற்றிப் பேசுகிறாய். நான் ‘சரி’ என்றேன்.

அதன் பிறகு இங்கே இருந்த நாளெல்லாம் முழு அளவு போட்டாய். முகம் தெளிந்தது. கோயிலில் கூழ் ஊற்றிய அன்று அளவாக வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை பார்த்து, அதற்கு ஏற்றபடி போட்டுக்கொண்டாய். எனக்கு மட்டும் நாள் ஆக ஆக இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் தேர், அது முடிந்தால் ஞாயிறு நீ கிளம்பிவிடுவாய். அங்கே போனதும் யாருக்கும் தெரியாமல் பாத்ரூமில் போய் ஊசி போடுவாய். போடுகிறாயா, எவ்வளவு போடுகிறாய் என்று யாருக்குத் தெரியும்? நானே வாங்கிக் கொடுக்கிற வரை, ஒவ்வொரு தடவை பேனாவைத் திருகும்போதும் என் சைக்கிள்தான் உன் கண்ணில் நிற்கும். நேற்று ஒரு வீட்டு ஏசிக்கு கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தவன் பாதியில் அந்த வேலையை விட்டுவிட்டு, அரை மணியில் வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நீ என்னைப் பார்த்த அதே இடம். திரும்பிப் போய்விடலாமா என்று அங்கே நின்று யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஊரார் எதிரில் ஜம்பமாகப் பேசியவன், இப்போது கையை விரித்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். சம்பந்தி அம்மா இதைச் சொல்லிக் காட்டினால் அடி என் பெண்ணுக்குத்தானே விழும்? கேட் திறந்ததும் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர்கள் தள்ளிய வேகத்தில்தான் அந்தப் பக்கம் போனேன் என்று வைத்துக்கொள்.

“வாங்க சம்பந்தி, இன்னா இந்த வெயில்ல? மலரு நல்லாருக்காளா?” என்று உன் மாமியார் மாவுக் கையோடு வந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எளச்சிக்கினே போறாளேன்னு எனக்கும் தெரியுது. கேட்டா ‘ஒண்ணுமில்ல அத்த’ன்றா. மருந்து வாங்கியாந்து குடுப்போம்டான்னு எம் புள்ளகிட்ட சொன்னேன். ‘மாமா கோச்சிக்குவாரும்மா, அவமானம்னு சொல்லிட்டாரு இல்ல’ன்றான். அன்னிக்கி நான் மாசம் இன்னா ஆவும்னு கேட்டது எதுக்கு? மாவு காசுல எவ்ளோ எடுத்து வைக்கணும்னு தெரிஞ்சிக்கத்தான். அதுக்குள்ள நீங்க அப்படி ஒரு வார்த்த சொல்லிட்டீங்க. சொன்னவரு பெரிய மனுஷன், மீறக் கூடாதுன்னு வாய மூடிக்கினு இருந்தோம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர், “இருந்தாலும் மனசு கேக்கல” என்று எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். நான் கொடுத்த ஃபிரிட்ஜ். தட்டு தட்டாக மாவு. மேலே ஃப்ரீசரைத் திறந்து, கருவாட்டுக் கவரை நகர்த்தி, அதற்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கவரை எடுத்தார். நீ கருவாட்டு வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்கிறவள், அந்தப் பக்கம் கை வைத்திருக்க மாட்டாய். “அவ தூக்கிப் போட்ட அட்டப் பெட்டிய எடுத்துக்கினு போய் கடையில காமிச்சி, அதே மருந்து வாங்கியாந்தேன். தீபாவளிக்கு உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கினு அவகிட்ட குடுக்கலாம்னு வச்சிருக்கேன். நல்லா சில்லுன்னு இருக்கட்டும்னு மேலயே வச்சேன்” என்று என் கையில் கொடுத்தார்.

பெட்டி கல்லாக இருந்தது. உள்ளே மருந்து கட்டியாகி, ஒரு கார்ட்ரிட்ஜின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஃப்ரீசரில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று எத்தனை வீட்டில் சத்தம் போட்டிருப்பேன் நான். அங்கே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “இன்னா சம்பந்தி, அப்படிப் பாக்குறீங்க?” என்றார். சொல்லாமல் விட முடியாது, தெரியாமல் அதை நீ போட்டுக்கொண்டால்? “ஒறைஞ்சி போச்சிம்மா. ஒறைஞ்சா மருந்து செத்துடும். திரும்ப தண்ணி ஆனாலும் போடக் கூடாது” என்றேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். “வீணாக்கிட்டேனா?” என்றார். மாவு விற்ற காசு, மலரு. விடிவதற்கு முன் எழுந்து ஊறவைத்து அரைத்த காசு. எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் டாக்டர் எதிரில் வராத அழுகை சம்பந்தி வீட்டில், ஃபிரிட்ஜ் கதவு திறந்தபடி இருக்க, வந்தது. “நீங்க இல்லம்மா, நான்தான் வீணாக்கினேன். மருந்து வாங்கக் கூடாதுன்னு சொன்ன வாய் இது” என்றேன்.

அவர் அந்தப் பெட்டியை ஓரமாக வைத்தார். “அப்ப எங்க வைக்கணும்?” என்று கேட்டார். நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது நான் கேட்ட அதே கேள்வி. கதவுப் பக்கத் தட்டைக் காட்டினேன், பின்சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது, அங்கேயும் உறையும் என்றேன். அந்தத் தட்டு முழுக்க மாவுப் பாக்கெட். ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே அடுக்கினார், இடம் இல்லாததை வெளியே வைத்தார், ஈரத்துணியால் தட்டைத் துடைத்தார். “இது இனிமே மலரு தட்டு. மாவு புளிச்சா தோசை ஊத்திக்கிறேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “பேனா மருந்து எங்களது. அந்த ஸ்ட்ரிப்பு, ஊசி எல்லாம் நீங்க வாங்குங்க. உங்க சீரு கொறையக் கூடாதில்ல” என்றார். கேலியா, நிஜமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் மரியாதை போய்விடும் என்று நீ பயந்தாயே, அதை அந்த அம்மா துடைத்துத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். சொல்லி முடித்துவிட்டால்தான் என் கால் ஒரு இடத்தில் நிற்கும். பாத்ரூமில் போய் ஊசி போடாதே, கூடத்தில் உட்கார்ந்து உன் அத்தை எதிரிலேயே போடு. சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் என்ன கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் மாப்பிள்ளைக்கும் காட்டிக் கொடு. கடலை மிட்டாய் கொடுப்பார்கள், அது மெதுவாகத்தான் ஏறும், சர்க்கரைத் தண்ணீர் என்று சொல். ஊசி முனையை நாள்கணக்கில் மாற்றாமல் குத்திக் குத்தி வயிற்றில் கட்டி வரவழைத்திருக்கிறாய், உன் அம்மா பார்த்துவிட்டாள். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் அம்மாவைப் பார். பழையபடி ஆஸ்பத்திரி பாட்டிலும் சிரிஞ்சும் போதுமா, அதற்கு அளவு எப்படி என்று அவரிடம் கேளுங்கள். போதும் என்றால் அதற்கே திரும்புவோம், பேனா என் ஜம்பத்துக்கு வந்தது. ஆனால் ஒன்று. எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பார், என் ஃபோன் பில்லில் பார், உன் அம்மாவின் பூவில் பார், மருந்தின் அளவில் மட்டும் பார்க்காதே. சைக்கிள் ஓட்டினால் எனக்கு முட்டி வலிக்கும், அவ்வளவுதான். நீ குறைத்துப் போட்டால் நான் யாருக்காக ஓட்டுகிறேன் என்பதே இல்லாமல் போய்விடும்.

சொல்தா வீட்டு அம்மா மறுபடி அடிக்கிறார், இந்தத் தடவை எடுத்துத்தான் ஆக வேண்டும். இதை மடித்து உன் பிஸ்கட் டப்பாவில் வைக்கப் போகிறேன். ஊருக்குப் போகும்போது அதை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ. தலை தீபாவளிக்கு நீயும் மாப்பிள்ளையும் வரும்போது புதுப் புடவை, மோதிரம் எதைக் காட்டினாலும் எனக்கு அப்புறம்தான். முதலில் அந்த டப்பாவை என் எதிரில் கவிழ்த்துக் கொட்டு. ஒரு காலி குறைந்ததற்காக உன்னைத் திட்டியவன் நான். இந்த முறை எண்ண மாட்டேன். மூடி மூட முடியாத அளவுக்குக் காலிகளை நிரப்பிக் கொண்டு வா.

அப்பா